மீன்தொட்டிச் செடி வாடினால்: பிடுங்கும் முன் பார்க்க வேண்டியவை

ஆசையாக வாங்கி வந்து நட்ட செடி, பத்தாம் நாள் பார்த்தால் இலையெல்லாம் கண்ணாடித்தாள்போல மெலிந்து நிற்கும். இன்னும் மூன்று நாளில் அந்த இலைகள் கூழாகி ஃபில்டர் வாயில் போய் ஒட்டிக்கொள்ளும். மீன்தொட்டியில் முதல் முறை உயிருள்ள செடி வைக்கிற பெரும்பாலோருக்கு இது நடக்கும். உடனே கை சும்மா இருக்காது. லைட்டைக் கூட்டும், கிடைத்த உரத்தை ஊற்றும், செடியைப் பிடுங்கி வேறு மூலையில் நட்டுப் பார்க்கும். நான் பார்த்த வரையில் செடிகளைக் கொன்றது வாட்டத்தைவிட இந்தப் பதற்றம்தான்.

அதனால் தொடங்கும்போதே ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டை விழுந்த இலை மூடிக்கொள்ளாது. கரைந்த விளிம்பு மீண்டும் வளராது. பழுதான இலையைப் பார்த்து, "இன்னும் சரியாகவில்லையே" என்று கவலைப்படுவதில் பயனில்லை. நீங்கள் செய்த வைத்தியம் வேலை செய்கிறதா என்று சொல்லக்கூடியது அடுத்து வரும் புது இலை மட்டும்தான். அது வர ஒரு வாரமும் ஆகலாம், அனுபியாஸ் மாதிரி சோம்பேறிச் செடியில் மூன்று நான்கு வாரமும் ஆகலாம். வாரம் ஒரு முறை ஒரே இடத்தில் நின்று ஃபோனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். தினமும் பார்க்கும் கண்ணுக்குத் தெரியாத மாற்றம் படத்தில் தெரியும்.

முதல் வேலை: உயிர் இருக்கிறதா என்று பாருங்கள்

செடி வகையைப் பொறுத்து உயிர் தங்கும் இடம் மாறும்.

அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், புசெஃபலாண்ட்ரா போன்றவற்றில் இஞ்சிபோலக் கிடையாக ஓடும் தடித்த தண்டு இருக்கும். அதுதான் ரைசோம். அதை இரண்டு விரலால் மெல்ல அழுத்துங்கள். கெட்டியாகப் பச்சையாக இருந்தால் ஓர் இலைகூட இல்லாவிட்டாலும் பிழைக்க வழி உண்டு. கொழகொழவென்று அமுங்கி நாற்றம் அடித்தால் அந்தப் பகுதி போய்விட்டது. கூரான பிளேடால் அழுகிய பகுதியை நல்ல சதை தெரியும் வரை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தைக் காப்பாற்றுங்கள். தயங்கி கொஞ்சம் விட்டுவைத்தால் அழுகல் அங்கிருந்து மறுபடி நகரும்.

கிரிப்டோகொரைன், அமேசான் ஸ்வோர்ட், வாலிஸ்னேரியா போன்றவை ரோஜா இதழ் அடுக்குபோல ஒரே புள்ளியிலிருந்து இலை விடுபவை. இவற்றில் வேரும் இலையும் சேரும் கழுத்தைப் பார்க்க வேண்டும். கழுத்து கெட்டியாக இருந்து, மேலாக மண்ணை விலக்கினால் வெள்ளையாகவோ வெளிர் பழுப்பாகவோ வேர் தெரிந்தால் செடி உயிரோடுதான் இருக்கிறது. குளம் வற்றிய பிறகும் கொட்டியும் ஆம்பலும் கிழங்கை மண்ணுக்குள் வைத்துக் காத்திருக்கும் அல்லவா? தொட்டியிலும் கிட்டத்தட்ட அதே கதைதான். கொட்டியின் இனமான அபோனோஜெட்டான் கிழங்குகள் சில, எந்தக் கோளாறும் இல்லாமலே இலை உதிர்த்துச் சில மாதம் தூங்கிவிட்டுத் திரும்ப முளைக்கும்.

ரொட்டாலா, லுட்விஜியா, ஹைக்ரோஃபிலா, நீர்ப்பிரமி போன்ற தண்டுச் செடிகளில் உயிர் நுனிக்குருத்திலும் கணுக்களிலும் இருக்கும். அடிப்பகுதி கறுத்து இலை உதிர்ந்திருந்தாலும் நுனியில் நான்கு விரல் நீளம் பச்சையாக இருந்தால் போதும்.

அது நீரில் வாழும் செடிதானா?

இதைப் பலர் கேட்பதே இல்லை. கேட்டிருந்தால் பாதி நேரம் மிச்சம். மீன்தொட்டிச் செடி என்ற பெயரில் தரைச் செடிகளும் விற்பனைக்கு வருகின்றன. லக்கி பாம்பூ என்கிற டிரசீனா, மாண்டோ கிராஸ், ஊதா நிற அடிப்புறம் கொண்ட ஹெமிகிராஃபிஸ், சிங்கோனியம் இவையெல்லாம் முழுக்க மூழ்கி வாழப் பிறந்தவை அல்ல. சில வாரம், சில மாதம்கூடச் சமாளித்துவிட்டு மெல்ல மெல்லச் சாகும். என்ன உரம் போட்டாலும் நிற்காது.

ஒரு சின்னச் சோதனை உண்டு. செடியைத் தண்ணீருக்கு வெளியே தூக்கிப் பிடியுங்கள். பெரும்பாலான நீர்ச்செடிகளின் மூழ்கி வளர்ந்த இலைகள் ஈரத்துணிபோலத் துவண்டு விழும். விறைப்பாக, மெழுகு பூசினாற்போல நின்றால் சந்தேகப்படுங்கள். ஆனால் அனுபியாஸ் விறைப்பாகத்தான் இருக்கும், நாற்றங்காலில் காற்றில் வளர்த்த நீர்ச்செடிகளும் அப்படித்தான் நிற்கும். ஆகவே இதை மட்டும் வைத்து முடிவு கட்டாமல் பெயரைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். தரைச் செடி என்று தெரிந்தால் வேர் மட்டும் தண்ணீரில், இலை வெளியே இருக்கும்படி தொட்டி விளிம்பில் வையுங்கள். செடி பிழைக்கும், மீன் கழிவால் தண்ணீரில் சேரும் நைட்ரேட்டையும் குடிக்கும்.

புதிதாக நட்டது கரைகிறதா? கையைக் கட்டிக்கொள்ளுங்கள்

நீர்ச்செடி வளர்க்கும் பண்ணைகளில் பெரும்பாலான வகைகளைத் தண்ணீருக்கு மேலே, ஈரக்காற்றில் வளர்க்கிறார்கள். வேகமாக வளரும், பாசி பிடிக்காது, அனுப்பவும் எளிது. அந்த இலைகள் காற்றிலிருந்து கார்பன் டைஆக்சைடை எடுக்கப் பழகியவை. தொட்டிக்குள் மூழ்கியதும் அவற்றால் பயன் இல்லை. செடி அவற்றிலிருந்து எடுக்க முடிந்ததை எடுத்துக்கொண்டு, தண்ணீருக்கு ஏற்ற மெல்லிய இலைகளைப் புதிதாகச் செய்யத் தொடங்கும். இந்த இடைவெளியில் வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் செடி சாவதுபோலத்தான் தெரியும்.

கிரிப்டோகொரைன் இதில் தனி ரகம். பண்ணையிலிருந்து வந்ததும் கரையும். ஒரு தொட்டியிலிருந்து இன்னொரு தொட்டிக்கு மாற்றினாலும் கரையும். லைட்டை மாற்றினால், தண்ணீரைப் பெரிய அளவில் மாற்றினால், சில நேரம் ஒரு சாண் தள்ளி நட்டால்கூட முழுத் தலையையும் இழந்து வெறும் கட்டையாக நிற்கும். வேரைத் தொடாமல் விட்டால் இரண்டு மூன்று வாரத்தில் குருத்து எட்டிப் பார்க்கும். நான் வளர்த்த முதல் கிரிப்டை இப்படிக் கரைந்ததும் பிடுங்கி எறிந்தேன். மண்ணுக்குள் அறுந்து தங்கிவிட்ட வேர்த்துண்டு ஒன்று, அதை மறந்தே போன பிறகு, ஃபில்டருக்குப் பின்னால் இலை விட்டது. இன்று அந்தத் தொட்டியில் இருப்பது அதன் பிள்ளைகள்தான்.

இந்தக் கட்டத்தில் செய்ய வேண்டியது இவ்வளவுதான். கரைந்த இலைகளை அடியோடு கிள்ளி வெளியே எடுங்கள். விட்டுவைத்தால் அவை அழுகி அம்மோனியாவாக மாறும், மீனுக்கும் ஆகாது, பாசிக்கும் விருந்து. பாதிக்குமேல் பச்சையாக இருக்கும் இலையை விட்டுவிடலாம். செடியை அசைக்காதீர்கள். உரத்தைக் கூட்டாதீர்கள், இலையே இல்லாத செடி அதை வைத்துக்கொண்டு என்ன செய்யும்?

நட்ட விதத்தைச் சரிபாருங்கள்

பழைய தொட்டியில் செடி வாடினால் வெளிச்சம், உரம் பக்கம் போகும் முன் நட்டிருக்கும் விதத்தைப் பாருங்கள்.

ரைசோம் மண்ணுக்குள் புதைந்திருந்தால் அழுகும். அனுபியாஸும் ஜாவா ஃபெர்னும் வாடுவதற்கு இதுவே மிகச் சாதாரணமான காரணம். வெளியே எடுத்து ஒரு கல்லிலோ மரக்கட்டையிலோ பருத்தி நூலால் கட்டுங்கள். ஜெல் வடிவ சூப்பர் குளூவில் ஒரு சொட்டு வைத்தும் ஒட்டலாம். அது சயனோஅக்ரிலேட் வகையாக இருந்தால் தண்ணீர் பட்டதும் இறுகிவிடும், மீனுக்குத் தீங்கில்லை. வேர் மண்ணுக்குள் போகலாம், தண்டு போகக் கூடாது.

வாலிஸ்னேரியா, ஸ்வோர்ட் வகைகளை ஆழமாக நட்டு, பிறகு கழுத்து வெளியே தெரியும் வரை சற்று மேலே இழுத்து விடுங்கள்.

தண்டுச் செடிகள் கட்டாக, அடியில் ஈயப்பட்டையோ ரப்பர் வளையமோ சுற்றி வரும். அப்படியே நட்டால் கட்டின இடம் நசுங்கி அழுகும், நடுவில் இருக்கும் தண்டுகளுக்கு வெளிச்சமும் போகாது. பட்டையை எடுத்துவிட்டு, நசுங்கிய அடிப்பகுதியை வெட்டி, ஒவ்வொரு தண்டாக ஒரு விரல் இடைவெளியில் இடுக்கியால் நடுங்கள். கீழ்க் கணுக்கள் இரண்டின் இலைகளைக் கிள்ளிவிட்டு நட்டால் அங்கிருந்து வேர் கிளம்பும். சின்னப் பிளாஸ்டிக் தொட்டியில் வந்த செடி என்றால் வேரைச் சுற்றியுள்ள பஞ்சுபோன்ற ராக்வூலைப் பொறுமையாகப் பிய்த்து எடுங்கள். கொஞ்சம் வேர் அறுந்தால் பரவாயில்லை.

மணல் இரண்டு விரல் உயரம்தான் இருக்கிறதா? வேர் வழியாகச் சாப்பிடும் செடிக்கு 5 முதல் 7 செ.மீ. ஆழம் வேண்டும்.

வெளிச்சம்: கூட்டுவதற்கு முன் குறையுங்கள்

செடி வாடினால் லைட் போதவில்லை என்று நினைப்பதுதான் இயல்பு. தொட்டியில் பெரும்பாலும் விஷயம் தலைகீழாக இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் பரவலாக்கிய ஒரு விதி உண்டு. செடி எவ்வளவு வளரும் என்பதை ஏராளமாக இருக்கும் சத்து முடிவு செய்வதில்லை, ஆகக் குறைவாக இருக்கும் சத்துதான் முடிவு செய்யும். வெளிச்சம் என்பது செடியை ஓடச் சொல்லி விரட்டும் சாட்டை. வேகமாக ஓடினால் கார்பனும் நைட்ரஜனும் இரும்பும் அதிகம் வேண்டும். அவை இல்லாத தொட்டியில் லைட்டைக் கூட்டினால், செடியின் பசி கூடும், சாப்பாடு அதே அளவுதான். மிச்ச வெளிச்சத்தைப் பாசி எடுத்துக்கொள்ளும்.

மீட்பு வேலை நடக்கும் காலத்தில் ஒரு நாளைக்கு 6 மணி நேரம் போதும். செடி நிலைத்து வளர ஆரம்பித்த பிறகு 8 மணி நேரம் வரை போகலாம். கையால் போட்டு அணைக்காமல் டைமர் வாங்கிப் பொருத்துங்கள். இந்தப் பொழுதுபோக்கில் செலவழிக்கும் காசில் இதைவிட உருப்படியான செலவு எனக்குத் தெரியவில்லை. ஜன்னல் வெயில் நேராக விழும் தொட்டி என்றால் அந்த நேரத்தில் திரை போடுங்கள், அந்த வெளிச்சமும் கணக்கில் சேரும்.

உண்மையாகவே வெளிச்சம் போதாமலும் இருக்கலாம். தண்டுச் செடியில் கணுவுக்கும் கணுவுக்கும் இடைவெளி நீண்டு, மேல்நோக்கி ஒல்லியாக ஓடி, கீழ் இலைகள் உதிர்ந்தால் அதுதான் அடையாளம். தொட்டியோடு வந்த அலங்கார லைட்டில் இது நடக்கும். எளிதாக வளரும் செடிகளுக்கு ஒரு லிட்டருக்கு 10 முதல் 20 லூமன் என்று ஒரு தோராயக் கணக்கு வைத்துக்கொள்வார்கள். தொட்டி ஆழமாக இருந்தாலோ மேலே மிதக்கும் செடிகள் மூடியிருந்தாலோ அந்தக் கணக்கு பொய்த்துப் போகும்.

மிதக்கும் செடி சொல்லும் சாட்சி

பரிசோதனைப் பெட்டி எதுவும் இல்லாதவர்கள் கைவசம் வைத்துக்கொள்ள ஒரு தந்திரம். டக்வீட், சால்வினியா, ஃப்ராக்பிட் ஏதாவது ஒன்றைக் கைப்பிடி அளவு தொட்டியில் மிதக்க விடுங்கள். மிதக்கும் செடிக்கு லைட் பக்கத்தில் இருக்கிறது, கார்பன் டைஆக்சைடு காற்றிலிருந்து நேராகக் கிடைக்கிறது. தண்ணீரிலிருந்து அதற்கு வேண்டியது சத்துகள் மட்டுமே.

இரண்டு வாரம் கழித்துப் பாருங்கள். மிதக்கும் செடி பச்சைப்பசேல் என்று பெருகுகிறது, உள்ளே இருக்கும் செடி மட்டும் வாடுகிறது என்றால் தண்ணீரில் சத்து இருக்கிறது. பிரச்சினை வெளிச்சத்திலோ கார்பனிலோ நட்ட விதத்திலோதான். மிதக்கும் செடியும் சேர்ந்து மஞ்சளித்துச் சிறுத்தால் தண்ணீரில் சத்து இல்லை, உரம் வேண்டும். காசு கொடுத்து வாங்கிய எத்தனையோ சோதனைத் தாள்களைவிட இது எனக்கு உதவியிருக்கிறது. வேலை முடிந்ததும் பாதியை அள்ளிவிடுங்கள். டக்வீடை மட்டும் முழுக்க ஒழிப்பது கடினம் என்று எச்சரித்துவிடுகிறேன், ஓர் இலை தப்பினால் போதும், மறுபடி பரவிவிடும்.

கார்பன் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தனியாக வாயு செலுத்தாத தொட்டியில் கார்பன் டைஆக்சைடு லிட்டருக்கு இரண்டு மூன்று மில்லிகிராம் அளவில்தான் இருக்கும். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், கிரிப்ட், வாலிஸ்னேரியா, பாசிச்செடியான ஜாவா மாஸ் இவற்றுக்கு மிதமான வெளிச்சத்தில் அது போதும். தரையில் பாய்போலப் படரும் செடிகளும் செக்கச் சிவந்த ரொட்டாலாக்களும் இதில் திணறும். அவை வாடினால் அது உங்கள் தவறல்ல, தேர்வுதான் தவறு. சிலிண்டர் வைத்திருப்பவர்கள் 20 முதல் 30 மில்லிகிராம் வரை கொண்டுபோவார்கள். லைட் எரிவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே வாயுவைத் திறந்துவிட்டு, வாயுவின் அளவை நிறத்தால் காட்டும் டிராப் செக்கர் பச்சையாக இருக்கும்படி பார்த்துக்கொள்வார்கள். மீன் மேலே வந்து வாய் பிளந்தால் உடனே வாயுவை நிறுத்தி ஏர் பம்பைப் போட வேண்டும்.

திரவ கார்பன் என்று புட்டியில் விற்பது பெரும்பாலும் குளுடரால்டிஹைடு. அது கிருமிநாசினி. பாசியை ஒடுக்கும், ஆனால் வாலிஸ்னேரியாவும் ஹார்ன்வோர்ட்டும் பல பாசிச்செடிகளும் அதற்குத் தாங்காது. ஒரு முறை அவசரத்தில் அளவை இரட்டிப்பாக்கினேன். ஒரே வாரத்தில் ஒரு மூலை வாலிஸ்னேரியா முழுவதும் வேகவைத்த மாதிரி ஆகிவிட்டது. வாடும் செடிக்கு இதை மருந்தாக நினைக்காதீர்கள்.

இலையைப் படிப்பது

மிதக்கும் செடி சத்துக்குறை என்று சாட்சி சொன்னால், எந்தச் சத்து என்பதை இலை சொல்லும். முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: பழைய இலையில் கோளாறா, புது இலையில் கோளாறா?

நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம், மெக்னீசியம் ஆகியவற்றைச் செடியால் உடலுக்குள் நகர்த்த முடியும். குறை வந்தால் கிழட்டு இலையிலிருந்து உருவிக் குருத்துக்கு அனுப்பும். அதனால் கீழ் இலைகளில் தெரியும். கீழ் இலை முழுக்க ஒரே சீராக மஞ்சளித்தால் நைட்ரஜன். ஊசி குத்தினாற்போல ஓட்டைகள் விழுந்து ஓட்டையைச் சுற்றி மஞ்சள் வளையம் வந்தால் பொட்டாசியம், புதியவர்கள் தொட்டியில் நான் அதிகம் பார்ப்பது இது. நரம்பு பச்சையாக இருந்து நடுவே வெளுத்தால் மெக்னீசியம். கண்ணாடியிலும் மெதுவாக வளரும் இலைகளிலும் துடைத்தாலும் போகாத பச்சைப் புள்ளிகள் படிந்தால் பாஸ்பேட் குறைவாக இருக்க வாய்ப்பு உண்டு.

இரும்பையும் கால்சியத்தையும் அப்படி நகர்த்த முடியாது. அதனால் குருத்தில் தெரியும். புது இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக ஓடினால் இரும்பு. புது இலை சுருண்டு, குட்டையாக, கோணலாக வந்தால் கால்சியம்.

ஜாவா ஃபெர்ன் இலையின் அடியில் வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள் வந்தால் பயப்படாதீர்கள். அவை வித்துக்கூடுகள். அந்த இலைகளிலிருந்தே குட்டிச் செடிகளும் முளைக்கலாம்.

சரி, உரம். புதியவர்களுக்கு எல்லாச் சத்தும் கலந்த திரவ உரமே நல்லது. புட்டியில் எழுதியிருக்கும் அளவில் பாதியில் தொடங்கி, வாரம் ஒரு முறை தண்ணீர் மாற்றிய பிறகு விடுங்கள். அதில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், மீன் அதிகமாக இருக்கும் தொட்டிக்கென்று அவை இல்லாமலும் தயாரிக்கிறார்கள். ஸ்வோர்ட், கிரிப்ட் வகைகளுக்குத் தண்ணீரில் விடுவது போதாது. ரூட் டேப் என்னும் உர மாத்திரையை வேருக்குப் பக்கத்தில், ஒரு சாணுக்கும் குறைவான இடைவெளியில், மண்ணுக்குள் ஆழமாகச் செருகுங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை போதும்.

கணக்குப் போடப் பிடித்தவர்களுக்கு: 100 லிட்டர் தண்ணீரில் 1 கிராம் பொட்டாசியம் நைட்ரேட் கரைத்தால் நைட்ரேட் லிட்டருக்கு சுமார் 6 மில்லிகிராமும் பொட்டாசியம் சுமார் 4 மில்லிகிராமும் கூடும். அதே 100 லிட்டரில் 1 கிராம் எப்சம் உப்பு சுமார் 1 மில்லிகிராம் மெக்னீசியம் தரும். நைட்ரேட் 10 முதல் 20 மில்லிகிராம் அளவில் இருக்கும் தொட்டியில் செடிகள் பொதுவாகப் பட்டினி கிடப்பதில்லை. தோட்டத்துக்குப் போடும் யூரியா, அம்மோனியம் கலந்த உரங்களைத் தொட்டித் தண்ணீரில் ஒருபோதும் போடாதீர்கள். மீன்கள் ஒரே இரவில் செத்துவிடலாம்.

தண்ணீரில் இருப்பதும் இல்லாததும்

ஆர்.ஓ. தண்ணீர் சுத்தமானது என்று நினைத்து அதை மட்டும் ஊற்றுகிற தொட்டிகளில் செடிகள் காரணம் தெரியாமல் கோணலாக வளரும். அந்தத் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் ஏறக்குறைய இல்லை. குழாய்த் தண்ணீரைப் பாதிக்குப் பாதி கலந்தாலே பல நேரம் சரியாகிவிடும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் குளோரின் நீக்கி விடுங்கள். குளோரமைன் கலந்த தண்ணீர் என்றால் ஒரு நாள் திறந்து வைத்தாலும் போகாது, நீக்கும் திரவம்தான் வழி. உப்பு மாற்று முறையில் கடினத்தன்மை குறைக்கும் கருவியிலிருந்து வரும் தண்ணீர் செடிக்கு ஆகாது, அதில் கால்சியத்துக்குப் பதில் சோடியம் ஏறியிருக்கும்.

மீனுக்கு உடம்பு சரியில்லை என்று தொட்டியில் உப்புப் போட்டீர்களா? நினைவுபடுத்திப் பாருங்கள். மீன் தாங்கும் அளவு உப்பைப் பல செடிகள் தாங்காது. தாமிரம் கலந்த மீன் மருந்துகளும் அப்படித்தான், இறாலையும் நத்தையையும் கொன்றுவிட்டுச் செடியையும் வாட்டும். மருந்து கொடுப்பதாக இருந்தால் மீனைத் தனி டப்பில் வைத்துக் கொடுங்கள். ஏற்கெனவே போட்டுவிட்டால் நாளொன்றுக்கு 30 விழுக்காடு என்று நான்கு ஐந்து நாள் தண்ணீர் மாற்றுங்கள்.

வெப்பம் 22 முதல் 28 டிகிரி வரை பெரும்பாலான செடிகளுக்குப் பிரச்சினை இல்லை. 30 தாண்டி நாள்கணக்கில் நின்றால் கிரிப்டும் பாசிச்செடிகளும் தளரும். மூடியைத் திறந்து தண்ணீர்ப் பரப்பின் மேல் சின்ன மின்விசிறி ஓட விட்டாலே இரண்டு மூன்று டிகிரி இறங்கும், ஆவியாகும் தண்ணீரை மட்டும் ஊற்றி நிரப்ப வேண்டியிருக்கும்.

அப்புறம், திருடன் தொட்டிக்குள்ளேயே இருக்கலாம். கோல்ட்ஃபிஷ்ஷும் சில்வர் டாலரும் மென்மையான செடியைத் தின்னும். ஆஸ்கர் போன்ற பெரிய சிக்லிட்கள் தின்னாவிட்டாலும் பிடுங்கி எறியும். ப்ளீக்கோ ஸ்வோர்ட் இலையைச் சுரண்டிச் சல்லடையாக்கும். சின்ன நத்தைகள்மேல் மட்டும் பழி போடாதீர்கள். அவை பெரும்பாலும் ஏற்கெனவே அழுகும் இலையைத்தான் மேயும், ஓட்டையில் உட்கார்ந்திருப்பதால் மாட்டிக்கொள்கின்றன.

இலைமேல் பாசி ஏறியிருந்தால்

புதுத் தொட்டியில் வரும் பழுப்புத் தூசி டயாட்டம். விரலால் துடைத்தால் போகும், சில வாரத்தில் தானாகவே அடங்கும். நூல்நூலாக வருவது பல் துலக்கும் பிரஷ்ஷில் சுற்றி எடுத்தால் வந்துவிடும், கூடவே லைட் நேரத்தைக் குறையுங்கள். நீலப்பச்சையாகப் போர்வைபோல மூடி, மண்வாடை அடிப்பது பாசியே அல்ல, சயனோபாக்டீரியா. உறிஞ்சி எடுத்துவிட்டு நீரோட்டத்தைச் சரிசெய்து, மூன்று நான்கு நாள் தொட்டியை முழு இருட்டில் மூடி வைத்தால் பெரும்பாலும் விலகும். அந்த நாட்களில் ஏர் பம்ப் ஓட வேண்டும்.

கறுப்புத் தாடிப்பாசிதான் பிடிவாதக்காரன். அனுபியாஸ் இலை விளிம்பில் மயிர்க்கற்றைபோல நிற்கும். கல்லோடு சேர்த்துச் செடியை வெளியே எடுத்து, 3 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடைச் சின்னத் தூரிகையால் பாசிமேல் மட்டும் தடவி, இரண்டு மூன்று நிமிடம் விட்டு, நன்றாக அலசித் திரும்ப வையுங்கள். இரண்டொரு நாளில் பாசி சிவந்து பிறகு வெளுக்கும். மிக மோசமான இலையை வெட்டிவிடுவதே மேல். ஜாவா மாஸ் மாதிரி மென்மையான செடியில் இதைச் செய்யாதீர்கள்.

தீவிர சிகிச்சை

தண்டுச் செடியின் அடி அழுகியிருந்தால் நுனியை 10 முதல் 15 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, நடாமல் அப்படியே மிதக்க விடுங்கள். மேலே வெளிச்சமும் கார்பனும் அதிகம். ஒன்றிரண்டு வாரத்தில் கணுக்களில் வெள்ளை வேர் இறங்கும். பிறகு நடுங்கள். அழுகிய அடித்தண்டில் ஆசை வைக்காதீர்கள்.

இலையெல்லாம் போய் வெறும் ரைசோமாக நிற்கும் அனுபியாஸுக்கும், கட்டையாக நிற்கும் கிரிப்டுக்கும் காற்று வைத்தியம் ஒன்று உண்டு. மூடியுள்ள ஒளிபுகும் டப்பாவில் நனைத்த ஸ்ஃபேக்னம் பாசியோ ஈரமணலோ ஓர் அங்குலம் பரப்புங்கள். செடியை அதன்மேல் படுக்க வையுங்கள், புதைக்க வேண்டாம். மூடிவிட்டு வெயில் நேராகப் படாத வெளிச்சமான இடத்தில் வையுங்கள். வெயில் பட்டால் உள்ளே வெந்துவிடும். இரண்டு நாளுக்கு ஒரு முறை திறந்து காற்று மாற்றுங்கள், பூஞ்சை தெரிந்தால் அந்த இடத்தை வெட்டி எறியுங்கள். காற்றில் கார்பனுக்குப் பஞ்சமே இல்லை என்பதால், தண்ணீருக்குள் மாதக்கணக்கில் அசையாத ரைசோம் இங்கே குருத்து விடுவதைப் பார்க்கலாம். மூன்று நான்கு இலை வந்ததும் தொட்டிக்குத் திருப்புங்கள். அந்த இலைகள் காற்றில் பிறந்தவை, ஆகவே ஒன்றிரண்டு மறுபடி கரையும். அதைப் பார்த்துத் திரும்பப் பெட்டிக்கு எடுத்துப் போகாதீர்கள்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

லைட் நேரம், உரம், தண்ணீர், இடம் எல்லாவற்றையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மாற்றினால், செடி தேறினாலும் எது தேற்றியது என்று தெரியாது. அழுகியதை நீக்குவதும் நட்ட விதத்தைச் சரிசெய்வதும் லைட்டை 6 மணி நேரமாகக் குறைப்பதும் முதல் நாளே செய்யலாம். வாரந்தோறும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுவதையும் அன்றே தொடங்கலாம். அதற்குப் பிறகு ஒரு மாற்றம் செய்தால் இரண்டு வாரம் கையை வைக்காதீர்கள். ஒரு சின்ன நோட்டில் தேதியும் செய்ததும் எழுதி வையுங்கள்.

புது இலைகள் மூன்று நான்கு தொடர்ந்து நல்ல நிறத்தில் வந்தால் மீண்டுவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். அப்போது பழைய பழுதான இலைகளை வாரத்துக்கு இரண்டு என்று வெட்டி எடுங்கள், மொத்தமாக மொட்டையடிக்க வேண்டாம். லைட்டையும் வாரத்துக்கு அரை மணி நேரமாகக் கூட்டுங்கள். கண்ணாடியில் பச்சைப் படலம் வேகமாக ஏற ஆரம்பித்தால் முந்தைய வார அளவுக்குத் திரும்பி, அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

இரண்டு மாதம் இதையெல்லாம் செய்தும் குருத்தே வராத செடியை எடுத்துவிடலாம். அந்த இடத்தில் அதே செடியை மறுபடி வாங்கி வைக்காமல், உங்கள் தண்ணீரில் ஏற்கெனவே நன்றாக வளர்ந்துகொண்டிருக்கும் செடியிலிருந்து ஒரு துண்டு வெட்டி நடுங்கள்.